வாயில்லாதவளின் வழக்கு

நாய்க்குக் கருத்தடையா! நாட்டிலே எழுதுவதற்கு வேறு பொருளே அற்றுப் போயிற்றா! இப்படி நகைக்கும் தோழர்கள் இருப்பர். நகைக்கட்டும். நாமும் முதலில் நகைத்தவர்களே. நகைத்த வாயை மூடவைத்தவர் ஓர் இளந்தோழர். அவர் கேட்ட கேள்வியைத்தான் இங்கே எழுத முற்படுகிறோம்.

ஐப்பசி மழையில், வாய்க்கால் கரையோரம், வாய் கட்டிய சிமெண்டுச் சாக்கு ஒன்று நெளிந்துகொண்டிருக்கக் கண்டார் அவர். அவிழ்த்தால், உள்ளே நான்கு நாய்க்குட்டிகள். நான்கும் பெட்டை. மூன்று அன்றிரவே மடிந்தன. எஞ்சிய ஒன்றைத் துணியில் பொதிந்து வீட்டுக்கு எடுத்து வந்தார். செந்நிறம், ஆகவே செவலை என்று பெயர். பால் ஊற்றினார், பழையது ஊற்றினார். குட்டி பிழைத்தது, வளர்ந்தது.

ஏழாம் மாதம் தரையிலே இரத்தத் துளிகள். அன்றிரவே வாசலில் ஏழெட்டு ஆண் நாய்கள். குரைப்பு, உறுமல், கடி, சண்டை! தெருவார் தூக்கம் கெட்டது. மறுநாள் தெருவார் வாய் திறந்தது. தந்தையார் ஒரே வரியில் தீர்ப்பளித்தார்: "வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்ச் சந்தைப்பேட்டையில் விட்டுவிட்டு வா." கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோய் அறுவை செய்துவிடலாம் என்றார் தோழர். அம்மா பதறினார்: "வேண்டாம்டா, பாவம்!" பாட்டியார் நடுவழி கண்டார்: ஓர் ஈற்றாவது ஈனட்டும், பிறகு பார்க்கலாம்.

இத்தனையையும் படிப்பகத்தில் நம்மிடம் சொல்லி, என்ன செய்யலாம் என்று கேட்டார். நாம் சிரித்தோம். "இதற்கு ஒரு யோசனையா? பாவமாவது, புண்ணியமாவது! செய்துவிடுங்கள்" என்றோம்.

அவர் சிரிக்கவில்லை. "பாவம் என்று ஒன்று இல்லை என்பது எனக்கும் தெரியும், அண்ணா. அது இல்லை என்பதாலேயே நான் செய்வது சரி என்று ஆகிவிடுமா? அவள் என்னிடம் கேட்கவில்லையே! நான் கூப்பிட்டால் எங்கும் வருவாள். அந்த மேசைமீதும் ஏறிப் படுத்துக்கொள்வாள். அதுதான் எனக்கு உறுத்துகிறது" என்றார்.

நமக்குச் சுருக்கென்றது. (செவலையை அவர் 'அவள்' என்றே குறித்தார். இலக்கணம் நாயை அஃறிணையில் வைத்தது. தோழரின் நெஞ்சம் உயர்திணைக்கு ஏற்றிவிட்டது. நாம் இலக்கணத்தோடு நின்று 'அது' என்றே எழுதுகிறோம், தோழர் பொறுத்துக்கொள்வாராக.)

நம்மவரிடையே ஒரு பழக்கம் உண்டு. எதிரே நிற்பவன் சொல்லும் காரணம் பொய் என்று காட்டிவிட்டால், நம் செயல் மெய்யாகிவிட்டது என்று எண்ணிக்கொள்கிறோம். கிரகணத்தன்று சோறு உண்ணக்கூடாது என்கிறான் ஒருவன். மடமை என்கிறோம், மடமைதான். ஆனால் அந்தச் சோறு ஊசிப்போயிருந்தால்? கிரகணம் பொய் என்பதற்காக ஊசிய சோற்றை உண்ணலாமா? உண்ணத்தக்கதா என்பதை முகர்ந்தல்லவா அறிய வேண்டும்! பாட்டியின் சொல்லை மறுப்பது எளிது. அதற்குப் பிறகுதான் நம் வேலை தொடங்குகிறது. அன்று நாம் அந்த வேலையைச் செய்யாமலே தீர்ப்பு எழுதிவிட்டோம். ஆகவே வழக்கை மீண்டும் எடுக்கிறோம்.

முதலில் எளியவை. 'இயற்கைக்கு மாறு' என்பார் கூற்று. நாய் எந்தக் காட்டில் இயற்கையாக விளைந்தது? ஓநாயினத்தை மனிதன் தன் அடுப்பங்கரைக்கு அழைத்து, பதினையாயிரம் ஆண்டுகளுக்குக் குறையாமல் பழக்கி, தனக்கு வேண்டியதை வைத்து வேண்டாததைக் கழித்து உருவாக்கிய விலங்கு அது. இராசபாளையமும் சிப்பிப்பாறையும் கன்னியும் கோம்பையும் இன்ன ஆணை இன்ன பெண்ணோடு சேர்ப்பது என்று மனிதன் முடிவு செய்ததால் வந்த இனங்கள். எந்த நாய் ஈன வேண்டும் என்று தீர்மானிக்கும்போது இயற்கையை நினையாதவர்க்கு, எந்த நாய் ஈன வேண்டாம் என்னும்போது மட்டும் இயற்கை நினைவுக்கு வருவானேன்?

அடுத்து, உயிருக்கு ஊறு செய்யலாமா என்னும் கேள்வி. உழவன் வீட்டுத் தொழுவத்தைப் பாருங்கள். ஏர் இழுக்கும் எருது எது? காயடிக்கப்பட்ட காளை! மயக்க மருந்து கண்டறியப்படாத நாளிலிருந்து, நசுக்கியும் அறுத்தும் நடந்துவரும் செயல். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அசோகன் தன் ஐந்தாம் தூண் கல்வெட்டில், அட்டமி முதலிய குறிப்பிட்ட நாட்களில் காளைக்கும் ஆட்டுக்கிடாய்க்கும் பன்றிக்கும் காயடிக்கக் கூடாது என்று ஆணை பொறித்தான். மற்ற நாட்களில்? நாள் பார்த்து வந்த இரக்கம்! ஆயினும் ஒன்று விளங்குகிறது: இச்செயல் அன்றே அன்றாட வழக்கம். 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டமும் முறைப்படி காயடிப்பதை வதை என்று கொள்வதில்லை. காளை கத்தியபோது எந்தத் திண்ணையிலும் தத்துவம் பேசப்படவில்லை. ஏனெனில் காளையைக் காயடித்தால் கழனிக்கு ஆதாயம். நாய்க்குச் செய்தால் நமக்குச் செலவு. செலவு வரும் இடத்தில் மட்டும் சீலம் பிறக்கிறது!

ஆனால் இதுவும் செவலைக்கு விடையாகாது. காளைக்கு இழைத்ததை நாய்க்கும் இழைக்கலாம் என்பது நியாயமன்று. காளைக்கு இழைத்ததே தவறாக இருக்கலாமே! எதிர்வாதத்தின் போலித்தனத்தைக் காட்டினோம், அவ்வளவே.

பாட்டியின் சொல்? ஒரு முறை ஈன்றால்தான் உடம்புக்கு நல்லது என்பதற்கு மருத்துவச் சான்று இல்லை.

இனி உடற்கூற்றைப் பார்ப்போம். இங்கேதான் தெளிவு தேவை. பெண் நாய் ஏறத்தாழ ஆறேழு மாதத்துக்கு ஒரு முறை பருவத்துக்கு வருகிறது. அது இரண்டு மூன்று வாரம் நீடிக்கும். கருவுற்றால் ஏறக்குறைய 63 நாளில் குட்டிகள். கருவுறாவிட்டாலும் கருப்பை சும்மா இருப்பதில்லை. ஒவ்வொரு பருவத்தையும் அடுத்து அதன் உட்புறம் தடிக்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்லச் சீழ் கட்டும் நோய் வரலாம். சுவீடனில் காப்பீட்டுக் கணக்குகளைக் கொண்டு ஆராய்ந்து 2001இல் வெளியிட்ட முடிவுப்படி, பெண் நாய்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்குப் பத்து வயதுக்குள் இந்நோய் வருகிறது. உடனே அறுவை செய்யாவிட்டால் உயிருக்கு உலை. கருத்தடை அறுவையில் சூலகங்களும் கருப்பையும் நீக்கப்படுவதால் இந்த இடர் நீங்குகிறது.

மறுபக்கமும் உண்டு, மறைப்பது அறிவியலன்று. அறுவை செய்த நாய்கள் எளிதில் எடை கூடுகின்றன. சிலவற்றுக்கு வயதான பின் சிறுநீர் தானே கசிகிறது. கோல்டன் ரிட்ரீவர் போன்ற பெரிய இனத்தில் ஓராண்டு நிரம்புமுன் அறுவை செய்தால் மூட்டுக் கோளாறு மிகக்கூடும் என்று கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தார் 2013இல் எழுதினர். மயக்க மருந்தால் உயிர் போகும் வாய்ப்பு, இங்கிலாந்தில் 2008இல் வெளியான ஆய்வின்படி, நலமான நாய்களில் இரண்டாயிரத்தில் ஒன்று. மார்புக் கட்டியைப் பற்றி ஒரு கணக்கு எல்லா மருத்துவமனைச் சுவரிலும் உண்டு: முதற்பருவத்துக்கு முன் அறுவை செய்தால் அந்நோய் வரவே வராது என்பது போல. அது 1969இல் வந்த ஓர் ஆய்வின் சாரம். 2012இல் இவ்வாய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்தவர்கள், சான்று வலுவற்றது என்றனர். நமக்குச் சாதகமானது என்பதற்காக வலுவற்ற சான்றைத் தூக்கிப் பிடித்தால், நமக்கும் சோதிடனுக்கும் என்ன வேற்றுமை?

கத்தி எதற்கு, ஊசி போட்டால் போதாதா என்பார் உளர். பருவத்தைத் தள்ளிவைக்கும் ஊசிகள் உண்டு, மலிவும்கூட. அந்த ஊசியே கருப்பை நோய்க்கும் மார்புக் கட்டிக்கும் வழி திறந்துவிடுகிறது. மலிவு நமக்கு, விலை அதற்கு!

உடல்நலக் கணக்கை மட்டும் பார்த்தால், தராசு அறுவைப் பக்கம் சாய்கிறது. ஆனால் அறவே தரைதட்டிவிடவில்லை. நார்வே நாட்டில் 2009ஆம் ஆண்டின் விலங்குநலச் சட்டம், தக்க காரணமின்றி விலங்கின் உடலில் அறுவை செய்வதை ஏற்பதில்லை. நலமான வீட்டு நாயைக் கருத்தடை செய்வது அங்கே வழக்கமன்று. அவர்கள் அறிவற்றவர்களா? அல்லர். அங்கே தெருவில் நாய் இல்லை. பருவத்துக்கு வந்த நாயை மூன்று வாரம் வாரில் பிடித்து நடத்த ஆள் இருக்கிறான், வேலி இருக்கிறது, வாசலில் ஏழெட்டு ஆண் நாய்கள் காத்துக் கிடப்பதில்லை. ஆகவே அங்கே தேவையற்ற அறுவை, இங்கே தேவைப்படலாம். எந்நாட்டுக்கும் எக்காலத்துக்கும் ஒரே நீதி என்று வானிலிருந்து ஓலை வருவதில்லை. செய்தால் என்ன நேரும், செய்யாவிட்டால் என்ன நேரும் என்று அந்தந்த மண்ணில் நின்று பார்த்தாக வேண்டும்.

செய்யாவிட்டால் இங்கே என்ன நேரும்? ஒரு நாயிலிருந்து ஆறு ஆண்டில் அறுபத்தேழாயிரம் நாய்கள் பெருகும் என்று சுவரொட்டிகள் சொல்வதுண்டு. பிறந்த குட்டி ஒவ்வொன்றும் பிழைத்து, ஒவ்வொன்றும் ஈன்றால் அந்தக் கணக்கு வரும். பிழைப்பதில்லை, தோழர்களே! அதுதான் கொடுமை. மேற்கு வங்கத்தில் தெரு நாய்களின் 95 ஈற்றுகளை, 364 குட்டிகளைப் பின்தொடர்ந்து பார்த்து 2016இல் எழுதினர் ஆய்வாளர். ஈனும் வயதை எட்டியவை நூற்றுக்குப் பத்தொன்பது. ஐந்து பிறந்தால் நான்கு சாகின்றன. பசியாலும் நோயாலும் மட்டுமல்ல. செத்தவற்றில் பாதிக்கு மேல் மனிதனால் செத்தன: வண்டிச் சக்கரம், நஞ்சு, அடி. தாய்மை, தாய்மை என்று உருகுகிறார்களே, அந்தத் தாய்மையின் கணக்கு இது. ஐந்தை ஈன்று நான்கைப் பறிகொடுப்பது. 

வீட்டு நாயின் குட்டிக்கு வீடு கிடைக்காதா? ஆண் குட்டிக்குக் கிடைக்கும். "கடுவன் இருந்தால் கொடுங்கள்" என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். பெட்டைக்கு? சாக்கு! செவலை வந்த சாக்கில் நான்கும் பெட்டையாக இருந்தது தற்செயல் அன்று. அதன் அண்ணன் தம்பிகள் யார் யார் வீட்டிலோ சங்கிலியில் கட்டுண்டு சோறு தின்கின்றனர். 1992இல் தமிழ்நாட்டு அரசு தொட்டில் குழந்தைத் திட்டம் என்று ஒன்றைத் தொடங்க நேர்ந்ததே, ஏன்? பிறந்த பெண் மகவுக்கு நெல்லும் கள்ளிப்பாலும் கொடுத்த வீடுகள் இருந்ததால். மனிதக் குழந்தையையும் நாய்க்குட்டியையும் சமமாக வைத்துப் பேசுகிறோம் என்று எவரும் கொள்ள வேண்டாம். பெண் என்றால் சுமை என்று கணக்கிட்ட அதே கைதான், சாக்கின் வாயையும் கட்டியது. சாக்கில் கட்டியவனைச் சட்டம் என்ன செய்யும் என்கிறீர்களா? விலங்கைக் கைவிடுவதும் மேற்சொன்ன 1960ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றந்தான். முதல் முறை என்றால் தண்டம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை! சந்தைப்பேட்டைக்குப் போகும் பெட்ரோலுக்கே கூட ஆகும்.

ஆகவே தந்தையார் சொன்னதும் தீர்ப்பன்று, கைகழுவல். ஒன்றும் செய்யாதிருப்பதும் ஒரு செயலே. அதன் விளைவைக் குட்டிகள் தலையில் ஏற்றிவிட்டு, நம் கை தூய்மையாக இருக்கிறது என்று காட்டும் செயல்.

இவ்வளவும் சொன்ன பிறகும் தோழரின் கேள்வி நின்ற இடத்திலேயே நிற்கிறது: அவள் கேட்கவில்லையே!

இந்தக் கேள்வியைத் தாண்டிக் குதிக்க நாமும் ஒரு குறுக்கு வழி தேடினோம். பிள்ளைப் பேற்றைக் கட்டுப்படுத்துவது பெண் விடுதலைக்கு வழி என்று பெரியார் 1930களிலேயே எழுதினாரே, அதையே இங்கும் பொருத்தினால் என்ன என்று எண்ணினோம். எண்ணிய மறுகணம் வெட்கினோம். அந்த வாதத்தின் உயிர்நாடி என்ன? தன் உடல்மீது முடிவெடுக்கும் உரிமை அந்தப் பெண்ணுக்கே உண்டு என்பது. பிள்ளை வேண்டாம் என்பது அதில் பாதிதான். யார் முடிவெடுப்பது என்பதே மறுபாதி. அந்த மறுபாதியை வெட்டிவிட்டால் என்ன எஞ்சும் என்பதை நெருக்கடிநிலைக் காலம் காட்டிவிட்டது: 1976–77 ஓராண்டில் 80 இலட்சத்துக்கும் மேற்பட்ட மனிதர்களுக்குக் கருத்தடை அறுவை; அதில் பிடித்து வந்து செய்யப்பட்டவர்கள் எத்தனையோ பேர். மருத்துவம் அதேதான். ஒப்புதல் இல்லை, ஆகவே கொடுமை.

அப்படியானால் செவலைக்கும் கொடுமைதானே? இங்கேதான் நாம் நெடுநேரம் தயங்கினோம். மனிதனிடம் கேட்கலாம், கேட்காமல் செய்தது குற்றம். நாயிடம் கேட்க வழியில்லை. கேட்க வழியில்லாத இடத்தில் கேட்காதது குற்றமன்று. ஆனால் கேட்க வழியில்லை என்பதற்காக, நமக்குப் பிடித்ததையெல்லாம் செய்யலாம் என்று உரிமம் கிடைத்துவிடுவதும் இல்லை. வாய் பேசத் தெரியாத குழந்தைக்கு அம்மை ஊசி போடுகிறோம்; அலறுகிறது, போடுகிறோம். ஏன் போடலாம்? அதன் நன்மைக்காக. நம் தூக்கம் கலையாமல் இருப்பதற்காக அதே குழந்தைக்கு அபினி கொடுத்தால்? அதுவும் 'கேட்காமல்' செய்ததுதான். முன்னதைச் செய்பவன் தாய். பின்னதைச் செய்பவன் பாதகன். எனவே, யாருக்காகச் செய்கிறோம் என்பதில் தொங்குகிறது வழக்கு.

தோழரிடம் இதையே கேட்டோம். தரையில் இரத்தத் துளி விழக்கூடாது, தெருவார் ஏசக்கூடாது என்பதற்காகவா? அவர் நேர்மையானவர், "அதுவும் ஒரு காரணம்தான்" என்றார். "அது ஒன்றே காரணமாக இருந்தால் செய்யாதீர்கள்" என்றோம். செவலையின் பின்னாளையும், பிறக்கப்போகும் குட்டிகளின் கதியையும் எண்ணிச் செய்தால் செய்யலாம். செய்த பிறகு, எடை கூடாமல் சோற்றை அளந்து போடுவதும், நாள்தோறும் நடத்திச் செல்வதும், வயதான காலத்தில் சிறுநீர் கசிந்தால் முகம் சுளிக்காமல் துடைப்பதும் அவர் கடன். அவளிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொள்கிறார். அது பெரிதா சிறிதா என்று அவளால் சொல்ல முடியாது. ஒன்றுமே எடுக்கவில்லை என்று மட்டும் அவர் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

அம்மாவின் சொல்லைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட்டால் நாம் நன்றி கெட்டவர் ஆவோம். 'பாவம்' என்றாரே! கேட்டவுடன் நாம் நரகத்தையும் சித்திரகுப்தன் ஏட்டையும் நினைத்துச் சிரித்தோம். ஆனால் நம் தெருக்களில் அச்சொல்லுக்கு இரண்டு பொருள். ஒன்று, புரோகிதன் கணக்கு வைக்கும் பாவம். இன்னொன்று, கால் ஒடிந்த கோழிக்குஞ்சைக் கண்டால் எவர் வாயிலிருந்தும் தானே வரும், "ஐயோ, பாவம்!" அம்மா எந்தப் பாவத்தைச் சொன்னார் என்று தோழர் வீட்டுக்குப் போய்க் கேட்டாராம். "வயிற்றைக் கிழிப்பார்களாமே, வலிக்காதாடா அதற்கு?" என்றாராம் அம்மா. மயக்க மருந்து உண்டு, வலி தணிக்க மருந்து உண்டு என்று விளக்கியதும், "அப்போது நானும் வருகிறேன்" என்று புறப்பட்டுவிட்டாராம். புரோகிதனை எதிர்த்துப் பேசிப் பேசி, அம்மாக்களின் பேச்சையும் அவன் பேச்சென்றே கேட்கப் பழகிவிட்டன நம் காதுகள்.

பருவம் அடங்கி இரண்டு மூன்று மாதம் கழித்தே அறுவை நல்லது என்று மருத்துவர் சொல்லியனுப்பினார். அப்பொழுது அங்கே இரத்த ஓட்டம் மிகுதியாம். அந்நாள் வரை செவலையைக் கொல்லைப்புற அறையில் காத்துவந்தனர். அறுவை நாளன்று ஒப்புதல் படிவம் ஒன்றை நீட்டினார்களாம். 'உரிமையாளர் கையொப்பம்' என்றிருந்த இடத்தில் பேனா சற்று நின்றது என்றார் தோழர். பிறகு கையெழுத்திட்டார். மாலையில் வீடு திரும்பியது செவலை. இரண்டு நாள் அவர் பக்கம் வரவில்லையாம். அம்மாவின் முந்தானையோரமே படுத்துக் கிடந்ததாம். மூன்றாம் நாள் கஞ்சி குடித்தது. பத்தாம் நாள், "தையல் பிரித்தாயிற்றா?" என்று கேட்டது யார் என்கிறீர்கள்? சந்தைப்பேட்டைத் தந்தையார்!

தோழருக்கு இப்பொழுது வேறொரு வேலை வந்து சேர்ந்திருக்கிறது. செவலைக்கு வாசலில் தவம் கிடந்த நாய்களில் ஒன்று, அடுத்த தெரு வீட்டுக்காரர் ஒருவரின் வளர்ப்பு. இரவானால் அவிழ்த்துவிட்டுவிடுவார். அதற்கும் அறுவை செய்யலாமே, பெண் நாய்க்குச் செய்வதைவிட எளிதாயிற்றே என்று இவர் போய்ச் சொல்லியிருக்கிறார். அவருக்கு வந்த சினம் இருக்கிறதே! தன் மீசையையே மழிக்கச் சொன்னதுபோலத் துள்ளினாராம். "ஆம்பளை நாய்யா அது!" வியப்பில்லை. மனிதருக்குள்ளும் ஆணுக்குச் செய்யும் அறுவையே எளிது. ஆயினும் 2019–21ஆம் ஆண்டுத் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் மணமான பெண்களில் நூற்றுக்கு 37.9 பேர் தாங்களே அறுவை செய்துகொண்டவர்கள். கணவன் செய்துகொண்டது நூற்றுக்கு 0.3. கத்தி என்றால் அது பெண்ணுக்கு என்று வீட்டில் எழுதி வைத்தவர், நாய்க்கு மட்டும் வேறு நீதியா எழுதுவார்?

அடுத்த ஞாயிறும் அந்த வீட்டுப் படியேறப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார் தோழர். இம்முறை அம்மாவையும் உடன் அழைத்துப் போகிறாராம்.